சட்டை தைத்த கை குயில்ட்டில் சறுக்கும் இடங்கள்

இருபது வருடமாக அக்கம்பக்கத்தாருக்குச் சட்டையும் பிளவுசும் தைத்துக் கொடுப்பவள் நான். மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு பழைய கால் மெசின் இருக்கிறது. போன தைப்பொங்கல் கழிந்து குயில்ட் என்கிற துண்டுத்துணிப் போர்வை தைக்கத் தொடங்கியபோது, நாலு துண்டை ஒட்டித் தைப்பதுதானே, இதென்ன பெரிய காரியம் என்றுதான் நினைத்தேன். ஒரு வருடம் போனபின் கணக்குப் பார்த்தேன். தொடங்கியது ஏழு, முடித்தது மூன்று. அந்த மூன்றிலும் ஒன்றுதான் தரையில் விரித்தால் தட்டையாகக் கிடக்கிறது.

தைக்கத் தெரியாததால் வந்த பிழைகள் இல்லை இவை. தைக்கத் தெரிந்ததால் வந்தவை. சட்டை உடம்புக்கு மேலே போகிறது. உடம்பு வளைவும் நெளிவுமாக இருப்பதால் அரைக்கால் அங்குலம், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் ஒரு அங்குலம் துணி விட்டிருந்தால், பிறகு உடம்பு வைத்தாலும் அவிழ்த்து விடலாம். குயில்ட் அப்படி இல்லை. துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் ஒரு படை, கீழே அடித்துணி என்று மூன்றையும் சேர்த்துத் தைப்பது. அதைத் தரையில் விரித்ததும் தரையே எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் அளவு. குயில்ட்டில் துண்டு இணைக்கும் தையலுக்கு விளிம்பில் விடுவது கால் அங்குலம், எல்லா இடத்திலும் அதே கால் அங்குலம். சட்டைக்குக் கண் மட்டத்தில் ஓட்டிய பழக்கத்தில் நான் ஒரு நூல் கூடுதலாகவே பிடித்து ஓட்டினேன். விளிம்புக்கு அரைக்கால் அங்குலத்தில் பாதிதான் பிசகு. ஆனால் ஒவ்வொரு தையலிலும் இரண்டு துண்டு இருப்பதால் அது அரைக்கால் அங்குலமாகிவிடும். என் முதல் போர்வையில் ஒரு வரிசைக்கு 14 துண்டு, அதாவது 13 தையல். வரிசை ஒன்றுக்கு ஒன்றரை அங்குலத்துக்கு மேல் காணாமல் போனது. எல்லா வரிசையிலும் ஒரே மாதிரிக் குறைந்திருந்தாலாவது சின்னப் போர்வை என்று விட்டிருப்பேன். காலையில் தைத்த வரிசை ஒரு நீளம், இரவு களைத்துப்போய்த் தைத்தது வேறு நீளம். இழுத்துப் பிடித்து இணைத்தேன். விரித்தபோது நடு மேலே எழும்பி நின்றது. மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, ஆமை ஓடு மாதிரிக் கெடக்கு?" என்றா.

இதற்கு மருந்து சுலபம். ஊசியைக் கீழே இறக்கி, ஊசியிலிருந்து வலப்பக்கம் சரியாகக் கால் அங்குலத்தில் மெசின் தட்டின்மேல் நாலைந்து படை பிளாஸ்டரை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். துணி அதில் முட்டிக்கொண்டே ஓட வேண்டும். பிறகு இரண்டரை அங்குலத் துண்டு மூன்றை இணைத்து அளந்து பாருங்கள். நடுத்துண்டு சரியாக இரண்டு அங்குலம் வர வேண்டும். வரும்வரை பிளாஸ்டரை நகர்த்துங்கள். அதற்கு முன் உண்மையான துணியில் கை வைக்க வேண்டாம்.

இரண்டாவது பழக்கம் அயன் பண்ணுவது. சட்டைக்குத் தையலை விரித்து, அயனை இழுத்து இழுத்துத் தேய்ப்போம். குயில்ட் துண்டில் இழுத்தால் துணி கோணிவிடும். அயனை வைத்து அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். விளிம்பை ஒரு பக்கமாக, கடும் நிறத் துணியின் பக்கம், சாய்த்துவிடுங்கள். அடுத்த வரிசையில் அதற்கு எதிர்ப்பக்கம். வரிசைகளை இணைக்கும்போது அந்த மேடும் பள்ளமும் விரல் கோத்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும், மூலைகளும் நேராகச் சந்திக்கும். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள எனக்கு நாலு மாதம் போனது.

முக்கோணத் துண்டுகள் தனி வில்லங்கம். நெடுக்கே ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடு நூலும் போகிற திசையில் துணி இழுபடாது, மூலைவாக்கில் வெட்டினால் ரப்பராகிவிடும். பிளவுசுக்குக் குறோஸ் வெட்டுவதே அந்த இழுவைக்காகத்தான், அது தெரிந்தும் குயில்ட்டில் மறந்துவிட்டேன். முக்கோணமாக வெட்டிவிட்டுத் தைக்காதீர்கள், தைத்துவிட்டு வெட்டுங்கள். நாலு அங்குலச் சதுரம் வேண்டுமென்றால், இரண்டு நிறத்திலும் ஐந்து அங்குலச் சதுரம் எடுத்து முகத்தோடு முகம் வைத்து, மூலைக்கு மூலை ஒரு கோடு போடுங்கள். கோட்டின் இரண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, கோட்டில் வெட்டினால் இரு நிறச் சதுரம் இரண்டு கிடைக்கும். அதை நாலரை அங்குலத்துக்குச் சீவி எடுங்கள், மீதி அரை அங்குலம் தையலுக்குள் போய்விடும்.

இனித் துணி. என் கதை பெரும்பாலும் இங்கேதான் கெட்டது. தையற்காரர் வீட்டில் துண்டுத்துணிக்குப் பஞ்சமில்லை. மூன்று உரப்பை நிறைய இருந்தது, பருத்தி, பொலியெஸ்டர், சாட்டின், லைனிங் என்று எல்லாம் கலந்து. சும்மா கிடைக்கிற துணிதானே என்று எடுத்தேன். பருத்தி கழுவினால் சுருங்கும், பொலியெஸ்டர் சுருங்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தைத்தால் முதல் கழுவலோடு போர்வை முகம் சுளிக்கும். சந்தேகமான துணியில் நாலு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக்கொண்டு நெருப்பு வையுங்கள். பருத்தி கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக இறுகிவிடும். நான் இப்போது உரப்பையைப் பிரித்து இரண்டு பெட்டியாக வைத்திருக்கிறேன்.

சாயம் போவது அடுத்தது. வெள்ளைக்குப் பக்கத்தில் சிவப்பு லைனிங்கை வைத்துத் தைத்த குசன் உறை, ஒரே கழுவலில் ரோஸ் நிறமாக வந்தது. உப்புத் தண்ணீரில் ஊறப்போடு, வினாகிரியில் போடு என்று சொல்லாதவர் இல்லை. கடையில் வாங்கிய பருத்தித் துணியில் ஏற்கெனவே ஏறிய சாயத்தை இரண்டும் பிடித்து நிறுத்தாது. வினாகிரி உதவுவது பட்டு, கம்பளி போன்றவற்றுக்கான அமிலச் சாயத்துக்கு. செய்யக்கூடியது இதுதான்: கடும் நிறத் துணி எல்லாவற்றையும் தைப்பதற்கு முன் தனித்தனியாகக் கழுவுங்கள். ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். மூன்று கழுவலுக்குப் பிறகும் நிறம் ஒட்டினால் அந்தத் துணி கால்துடைப்பானுக்குப் போகட்டும்.

கைத்தறித் துணி ஆசையும் விடாது. கல்முனைக்கு முன்னால் நெசவுக்குப் பேர்போன மருதமுனை இருக்கும்போது எப்படி விடும்? சாரத் (லுங்கி) துணியின் கட்டங்கள் குயில்ட்டுக்கு அவ்வளவு பொருத்தம். கட்டம் நெய்ததாக இருந்தால் கோடு நூலோடு போகும், கோட்டைப் பிடித்து வெட்டினாலே நேர். அச்சடித்த கட்டம் அப்படியில்லை, கோடு ஒருபக்கம் நூல் ஒருபக்கம் போகும். அதில் ஒரு நூலை இழுத்து, அது விட்ட தடத்தில் வெட்டுங்கள். நெசவு ஐதான கைத்தறி விளிம்பில் பிரிந்து வரும் என்பதால் அதற்குக் கஞ்சி போட்டு அயன் பண்ணிவிட்டு வெட்டுவது நல்லது.

நடுப்படைக்கு நான் வாங்கியது பொலியெஸ்டர் பஞ்சு. குளிர்நாட்டுப் படங்களில் குயில்ட் புசுபுசுவென்று இருக்கும், அந்த மயக்கம். கச்சான் காற்று வீசுகிற ஆடி மாதத்தில் அதைப் போர்த்திப் பார்த்தேன். பத்து நிமிடம் தாங்கவில்லை. இங்கே ஒரு பழைய பருத்தி பெட்சீட்டை நடுவில் வைத்தாலே போதும். வங்காளத்துப் பெண்கள் காந்தா தைத்தது பழஞ்சேலைகளை அடுக்கி வைத்து நூலோடித்தான். என் அம்மம்மாவும் பிள்ளைப்பேற்று வீட்டுக்குப் பழஞ்சேலையை நாலாக மடித்து நூலோடிக் கொடுப்பா. அதைக் குயில்ட் என்று அவ சொன்னதில்லை.

மூன்று படையையும் சேர்க்கும் வேலையில் அவசரம் கூடாது. அடித்துணியை முகம் கீழாக விரித்து, சுருக்கமில்லாமல் இழுத்துத் தரையில் டேப் ஒட்டி, அதன்மேல் நடுப்படை, மேல்துணி. பிறகு ஒரு கைமுட்டி அகலத்துக்கு ஒன்றாக சேஃப்டி பின், அல்லது நீள நீளமாக நூலோட்டம். நான் பிளவுசுக்குக் குத்துவதுபோல் ஓரத்தில் மட்டும் குண்டூசி குத்தினேன், கீழே துணி மடிந்து மடிந்து தைபட்டது. தையலையும் நடுவிலிருந்து வெளியே கொண்டுபோங்கள். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் மிஞ்சுகிற துணி முழுக்க நடுவில் சேர்ந்து நிற்கும். துண்டுகளைத் தரையில் அடுக்கும்போது ஃபேனை நிறுத்துங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை. அடுக்கியதும் போனில் ஒரு படம்.

மூன்று படைக்கு 14ஆம் நம்பர் ஊசி போடுங்கள், எட்டு மணி நேரத் தையலுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அடியில் நூல் கொத்தாகச் சிக்கினால் அடிநூல் சுற்றிய பொபினைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் குற்றம் மேல்நூலில்தான். துணியை அழுத்திப் பிடிக்கும் மெசின் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நூலைத் திரும்பக் கோத்துப் பாருங்கள்.

கோணல்தானே அழகு, ஜீஸ் பெண்ட் குயில்ட்டுகளைப் பாருங்கள் என்று ஒரு மச்சாள் ஆறுதல் சொன்னா. அமெரிக்காவில் அலபாமாவின் அந்த ஊர்ப் பெண்கள் பழைய வேலையுடுப்புகளால் தைத்தவை 2002இல் ஹியூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. பார்த்தேன், படத்தில்தான். அவர்கள் கோடு வளைவது அவர்கள் வளைத்ததால். என் கோடு என்னைக் கேட்காமல் வளைந்தது. இரண்டும் ஒன்றில்லை மச்சாள்.

முடிக்காத நாலில் இரண்டு, அளவில் ஆசைப்பட்டதால் நின்றவை. இரட்டைக் கட்டிலுக்கான போர்வையை இரண்டாவது வேலையாகத் தொடங்கக் கூடாது. மேசை விரிப்பு, தொட்டில் விரிப்பு என்று போங்கள். ஒரு கொப்பியில் துண்டின் அளவு, துணி எங்கே வாங்கியது, எத்தனை நாள் என்று எழுதுங்கள். நான் எழுதாததால், பாதியில் நிற்கும் ஒன்றுக்கு அதே பச்சைத் துணியைத் தேடிக் காத்தான்குடிக் கடைகளில் இன்னும் அலைகிறேன்.

கடைசியாக மழை. கார்த்திகையிலிருந்து தை வரை இங்கே கனத்த குயில்ட்டைக் கழுவாதீர்கள். வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், நடுப்படை ஈரமாகவே கிடந்து பூஞ்சணம் பிடிக்கும். பொலித்தீன் பையில் கட்டி வைக்கவும் வேண்டாம். பழைய பருத்தித் தலையணை உறைக்குள் வைத்து, மாதம் ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். நான் தட்டையாக வந்த அந்த ஒன்றைப் பத்திரம் என்று நினைத்து ட்ரங்குப் பெட்டியில் வைத்தேன். தை மாதம் திறந்தால் ஓரத்தில் உள்ளங்கையளவு துருக்கறை. தேசிக்காய் தேய்த்தும் முழுக்கப் போகவில்லை. அதன்மேல் ஒரு நீலச் சாரத் துண்டை வைத்துச் சுற்றித் தைத்தேன். வந்த மாமி அந்த நீலத்தைத்தான் தொட்டுப் பார்த்தா. "இதுதான் வடிவாக் கெடக்கு. மறுகா மற்றதுகளுக்கும் இப்பிடி ஒண்டு போடு" என்றா.