அம்மா அப்பா சண்டையைப் பார்த்து வளர்ந்தவர்கள் கல்யாணப் பேச்சுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் விசைப்படகை நம்பியிருக்கும் வீடுகளில் அந்த 61 நாளும் வருமானம் நின்றுவிடும், வட்டி நிற்காது. அப்போது வீட்டுக்குள் கேட்கும் சத்தத்திலேயே வளர்ந்த பிள்ளைகள், பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் "எனக்குக் கல்யாணமே வேண்டாம்" என்கிறார்கள். சிலர் வீட்டை விட்டு வெளியேறினால் போதும் என்று முதலில் வரும் வரனுக்கே தலையாட்டிவிடுகிறார்கள். இரண்டையும் முடிவு செய்வது அந்தச் சண்டைதான், நீங்கள் இல்லை.

முதலில் "என்னாலதான் சண்டை" என்ற நினைப்பை வெளியே எடுங்கள். பெற்றோர் சண்டைக்குப் பிள்ளைகள் தங்களையே காரணமாக்கிக்கொள்வதைப் பற்றி கிரிச், ஃபின்சம் என்ற உளவியலாளர்கள் 1990இலேயே எழுதியிருக்கிறார்கள். ஞாபகத்தில் இருக்கும் சண்டைகள் எதில் தொடங்கின என்று எழுதிப் பாருங்கள்: கடன், குடி, அடகு வைத்த நகை, மாமியார் வீட்டுப் பேச்சு. உங்கள் காலேஜ் ஃபீஸ் நடுவில் வந்திருக்கலாம், ஆனால் பிரச்சினை அதற்கு முன்பே இருந்திருக்கும்.

அப்புறம், அந்தச் சண்டைகள் எப்படி முடிந்தன என்று யோசியுங்கள். இதைத்தான் நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். உளவியலாளர் மார்க் கம்மிங்ஸ் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகளில், பெற்றோர் சமாதானமாவதைக் கண்ணால் பார்க்கும் பிள்ளைகளுக்குப் பாதிப்பு குறைவு என்று தெரிந்தது. பல வீடுகளில் சண்டை தெருவுக்கே கேட்கும், சமாதானம் மட்டும் பிள்ளைகள் கண்ணில் படாது, அதனால் யாராவது குரலை உயர்த்தினாலே உறைந்துபோவதும், தப்பே செய்யாமல் மன்னிப்புக் கேட்பதும், வேலை செய்யும் இடத்தில் மனதில் பட்டதைச் சொல்லாமல் விழுங்குவதும் பழக்கமாகிவிடுகிறது. இதைத் திறமைக் குறைவு என்று நினைத்து உங்களைத் தாழ்த்திக்கொள்ளாதீர்கள். நம்பிக்கையான ஒரு நண்பரிடம் "எனக்கு இது சரிப்படலை" என்று சின்ன விஷயத்தில் சொல்லிப் பழகுங்கள், சொல்லிவிட்டு எழுந்து போகாமல் அங்கேயே உட்காருங்கள். சண்டை போட்டும் சேர்ந்து நிற்கிற சித்தி, சித்தப்பா யாராவது இருந்தால், சண்டைக்கு அப்புறம் யார் முதலில் பேசுவீர்கள் என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

இதற்கிடையில் அம்மா அப்பாவுக்கு நடுவில் தூது போவதை நிறுத்துங்கள். "நீங்களே அப்பாகிட்ட பேசிக்கோங்கம்மா" என்று அன்பாகச் சொன்னால் போதும்.

வரன் பேச வந்தால் தனியாகப் பேச நேரம் கேளுங்கள். கடன் எவ்வளவு, தடைக்காலத்தில் வீட்டுச் செலவு எப்படி ஓடும், கோபம் வந்தால் என்ன செய்வீர்கள், எல்லாம் கேட்கலாம். பெரியவர்கள் முகம் சுளித்தாலும் கேளுங்கள், வரன் சொல்கிற பதிலோடு பதில் சொல்லும் விதத்தையும் கவனியுங்கள்.

வீட்டில் அடி விழுகிறது என்றால் இந்தப் பயிற்சிகள் போதாது. பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் மனைவிக்கு மட்டுமல்ல, மகளுக்கும் பொருந்தும். தூக்கம் போய், பயம் விடாமல் இருந்தால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், காசில்லாமல் தமிழிலேயே பேசலாம். வீட்டில் பேச முடியாவிட்டால் தோழி வீட்டுக்குப் போய் அங்கிருந்து கூப்பிடுங்கள்.