சுவருக்கு அந்தப் பக்கம் ஆயா: வால்வ் ஆம்பை வீட்டில் பதிவு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், அதுவும் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருப்பவர்களுக்கு இந்தச் சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். இந்தப் பக்கம் வால்வ் எனும் வெற்றிடக் குழாய்களால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் 50 வாட் வால்வ் ஆம்ப், அந்தப் பக்கம் விளக்கேற்றிவிட்டுச் சீக்கிரமே படுத்துவிடும் ஆயா. பவர் வால்வுகள் திணறும் அளவுக்கு ஏற்றினால்தான் நாம் ஆசைப்படும் அந்தக் கனத்த கரகரப்பு வரும். அதற்காகத்தான் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அட்டென்யூவேட்டர் வைக்கிறோம். ஆம்ப் தரும் சக்தியில் பெரும்பகுதியை வெப்பமாக்கித் தானே விழுங்கிக்கொண்டு, மிச்சத்தை மட்டும் ஸ்பீக்கருக்கு விடும் பெட்டி அது.

பலருக்கும் முதலில் கணக்குத்தான் தவறுகிறது. 50 வாட்டை 25 ஆக்கினால் சத்தம் பாதியாகிவிடாது, 3 டெசிபல்தான் குறையும். காதுக்குப் பாதியாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும், அதாவது 5 வாட்டுக்கு இறங்க வேண்டும். 20 டெசிபல் குறைத்து அரை வாட்டுக்கு வந்தாலும் விடுதலை இல்லை. செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கே ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் தரும், அரை வாட்டுக்கு 97. பக்கத்தில் நின்று பேச முடியாது. நம் வீடுகளுக்கு 30 டெசிபலாவது குறைக்கும் பெட்டி வேண்டும். வாங்கும் முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது ஆம்பையே சாகடிக்கும் தவறு. வால்வ் ஆம்பை ஸ்பீக்கரோ அட்டென்யூவேட்டரோ இல்லாமல் இயக்கவே கூடாது. சுமை இல்லாவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எக்கச்சக்கமாக எகிறி, உள்ளே தீப்பொறி பறந்து, காப்புப்பூச்சு கருகிவிடும். என் சித்தப்பா மகன் ஆம்பிலிருந்து அட்டென்யூவேட்டருக்குச் சாதாரண கிட்டார் கேபிளைப் போட்டிருந்தான். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் கிட்டார் கேபிளின் உள்கம்பி மெல்லியது. நடுவில் அது அறுந்துவிட்டது. சத்தம் வரவில்லையே என்று அவன் வால்யூமைக் கூட்டினான். கருகல் வாசனை வந்தபோது டிரான்ஸ்ஃபார்மர் போயிருந்தது. ஸ்பீக்கர் கேபிள் மட்டுமே போடுங்கள். சத்தம் சட்டென்று நின்றால் முதலில் ஆம்பை அணையுங்கள், அப்புறம் காரணம் தேடுங்கள்.

மின்தடையைக் குறிக்கும் ஓம் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். அட்டென்யூவேட்டர் 8 ஓம் என்றால் ஆம்பையும் 8-இல் வையுங்கள். 50 வாட் ஆம்பை முழுக்க ஏற்றினால் 50-க்கு மேலேயே தரும், அதனால் 100 வாட் தாங்கும் பெட்டியாக எடுங்கள். அது நன்றாகச் சூடாகும், துணியால் மூட வேண்டாம். வால்வுகளும் முழுமூச்சாகத்தான் உழைக்கின்றன, சத்தம் குறைவு என்பதால் அவற்றின் ஆயுள் கூடாது.

சரி, ஒலிக்கு வருவோம். குறைந்த சத்தத்தில் ஆம்ப் உயிரில்லாமல் கேட்கிறது என்று பெட்டியைத் திட்டுகிறோம். பாதிக் காரணம் நம் காதுதான். சத்தம் குறையும்போது கீழ் ஸ்தாயியும் உச்ச ஸ்தாயியும் காதில் மங்கிப்போகும், 1933-இலேயே ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியது இது. ஸ்பீக்கர் காகிதம் பலமாக அசையாததும் இன்னொரு காரணம். இதை ஈடுகட்ட பாஸையும் டிரெபிளையும் அள்ளிக் கூட்டுவதுதான் தவறு. அறையில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஒரு நிமிடம் பதிவு செய்து, வழக்கமான சத்தத்தில் போட்டுக் கேட்டு, பிறகு குமிழைத் தொடுங்கள். எனக்குப் பெரும்பாலும் டிரெபிளைக் குறைக்க வேண்டித்தான் வந்தது.

சத்தம் குறைந்தால் மைக்கின் கெய்னைக் கூட்டுவோம். உடனே ஃப்ரிட்ஜ், கூரைமேல் கத்தும் ஹாடிடா பறவை, தந்தியில் பிக் உரசும் சத்தம் எல்லாம் உள்ளே வரும். மைக்கை ஸ்பீக்கர் துணிக்கு இரண்டு விரல் தூரத்தில் வைத்து, நீளமான கேபிளோடு அடுத்த அறையில் உட்கார்ந்து வாசியுங்கள். மைக் இல்லாமல் அட்டென்யூவேட்டரின் லைன் அவுட்டில் நேராக எடுத்தால், கேபினெட் எனும் ஸ்பீக்கர் கூட்டின் ஒலியைக் கணினியில் சேர்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் வண்டு இரைவது போலிருக்கும். ஆம்பின் ஸ்பீக்கர் அவுட்டை, ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் இன்டர்ஃபேஸில் நேராகச் செருகவே வேண்டாம்.

மின்சாரம் போனால் ஆம்பை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். திரும்ப வரும்போது மின்னழுத்தம் எகிறலாம். அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் ஆம்பை நம் 230-இல் நேராகச் செருகக் கூடாது.

கேபினெட்டைப் பொதுச்சுவரை ஒட்டி வைத்ததுதான் நான் செய்த பெரிய தவறு. அட்டென்யூவேட்டரைக் கடைசிவரை குறைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். மறுநாள் ஆயா வாசலில் நிறுத்திச் சொன்னார்: "பாட்டு ஒண்ணும் கேக்கல கண்ணு, கட்டில்தான் அதிருது." அடித்தந்தியின் அதிர்வு தரை வழியாகவும் சுவர் வழியாகவும் போகிறது. கேபினெட்டை எதிர்ப்பக்கம் நகர்த்தி, அடியில் தடித்த ஃபோம் போட்டேன். பிறகு தம்பியை வாசிக்கச் சொல்லிவிட்டு, ஆயாவின் கட்டிலில் நானே போய் உட்கார்ந்து பார்த்தேன்.