சொந்தமாகப் பழுது பார்த்த காரின் இன்ஜினில் தட்டும் ஓசை: காரணத்தைக் கண்டறியும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் பழைய புரோட்டோன் வீராவையும் பெரோடுவா கஞ்சிலையும் வீட்டு முன்வாசலிலேயே பிரித்து மாட்டுவோர் இன்றும் உண்டு. டைமிங் பெல்ட்டையோ பிளக்கையோ சம்ப் (இன்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) கேஸ்கெட்டையோ மாற்றிவிட்டுச் சாவியைத் திருப்பும்போது, முன்பில்லாத ‘டொக், டொக்’ ஓசை எழுந்தால், பேரிங் போய்விட்டது, இனி ஹாஃப்கட் (வெட்டியெடுத்த பழைய காரின்) இன்ஜின் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று பலர் அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவுக்கு அவசரம் வேண்டாம். பழுது பார்த்தவுடன் புதிதாகக் கிளம்பிய ஓசையை, கடைசியாகக் கைபட்ட இடத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும்தான் முதலில் தேட வேண்டும்.

ஓசை கேட்டவுடன் இன்ஜினை அணைத்துவிடுங்கள். இன்னொரு முறை கேட்டுப் பார்ப்போம் என்று மிதித்து உறும விடுவது, எண்ணெய் அழுத்தம் இல்லாத இன்ஜினில் சில நிமிடங்களிலேயே பேரிங்கைத் தின்றுவிடும். காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து எண்ணெய்க் கோலை உருவிப் பாருங்கள். எண்ணெய் குறைந்திருந்தால் அது எங்கே போனது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். பழைய பில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதிய பில்டரைத் திருகிவிட்டால், இரண்டு வளையங்களுக்கிடையே எண்ணெய் பீய்ச்சியடிக்கும். அடுத்து, இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை ‘ON’ நிலைக்கு மட்டும் திருப்பி, எண்ணெய் விளக்கு எரிகிறதா என்று கவனியுங்கள். இன்ஜின் ஓடாத நிலையில் அது எரியத்தான் வேண்டும். எரியாவிட்டால் பல்பு போயிருக்கலாம், அல்லது வேலையின்போது எண்ணெய் அழுத்த ஸ்விட்சின் வயர் கழன்றிருக்கலாம். இன்ஜின் ஓடும்போது விளக்கு அணைந்துவிட்டது என்பதாலும் நிம்மதி கொள்ள முடியாது. பெரும்பாலான ஸ்விட்சுகள் அழுத்தம் மிக மிகக் குறைந்த பிறகுதான் விளக்கை ஏற்றும். ஐயம் நீடித்தால், ஸ்விட்சைக் கழற்றி அந்தத் துளையில் முள் உள்ள அழுத்தமானியைப் பொருத்தி அளந்து பார்ப்பதே நம்பத்தக்க வழி.

எண்ணெய் சரியாக இருந்தால், இன்ஜினைச் சிறிது நேரம் மட்டும் ஓடவிட்டு ஓசையின் தன்மையைக் கவனியுங்கள். நிற்கும்போது இல்லாமல், மேட்டில் மிதிக்கும்போது மட்டும் தகர டின்னில் கோலிகளைக் குலுக்கியது போன்ற மெல்லிய ஓசை வந்தால், அது இரும்பு இரும்பில் மோதும் ஓசையன்று. பெட்ரோல் கலவை உரிய வேளைக்கு முன்பாகவோ கட்டுப்பாடின்றியோ எரிவதன் ஓசை. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைத்தவர்கள் அங்கேதான் பார்க்க வேண்டும். வீராவின் 4ஜி15 இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவது, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்; அதைச் சுழற்றுவது டைமிங் பெல்ட். ஆகவே பெல்ட் ஒரு பல் முன்னால் விழுந்தாலும் தீப்பொறி முந்திவிடும். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் பற்சக்கரத்தில் 24 பற்கள் இருப்பதாகக் கொண்டால், ஒரு பல் என்பது 15 பாகை. அது சிறிய பிழையன்று. இதற்கு ஆக்டேன் கூடிய ரோன்97 பெட்ரோலை ஊற்றினால் ஓசை அடங்கக்கூடும், ஆனால் பிழை அப்படியே இருக்கும். மாறாக, நிற்கும்போதே ‘டிக், டிக்’ என்று மேலிருந்து இலேசாக வருவது பெரும்பாலும் வால்வுப் பக்கத்து ஓசை. கேம்ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்வதால், நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும் இன்ஜினில் ஒரு வால்வு 400 முறைதான் தட்டும். அடியிலிருந்து ஆழமாக, அதன் இரு மடங்கு வேகத்தில் வரும் ஓசையே கவலைக்குரியது.

அந்த ஆழ்ந்த ஓசைக்கும் பேரிங்கைத் தவிர வேறு காரணம் இருக்கலாம். பெல்ட் மாற்றியவர்கள் முதலில் ஐயப்பட வேண்டியது கிராங்க் புல்லியின் நடு போல்ட்டை. அது முழுமையாக இறுகாவிட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் புல்லி தன் பூட்டுச்சாவியின் (அதைக் கிராங்கோடு பூட்டும் சிறு இரும்புத் துண்டின்) மீது முன்னும் பின்னும் மோதும். கேட்பதற்கு அசல் ராட் பேரிங் (பிஸ்டனின் ராட் கிராங்கோடு சேரும் இடத்துப் பேரிங்) ஓசையாகவே இருக்கும். இன்ஜினை அணைத்து, கார்ச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, புல்லியை இரு கைகளாலும் பிடித்து அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆடினாலும் கழற்றி, பூட்டுச்சாவியும் அது உட்காரும் பள்ளமும் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே, அந்த இன்ஜினுக்குரிய அளவில் டார்க் ஸ்பேனரால் இறுக்க வேண்டும். புல்லி ஆடாவிட்டால், வெளிப்பெல்ட்டுகளைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். ஓசை நின்றால் குற்றம் ஆல்டர்னேட்டரிலோ ஏர்கோன் கம்ப்ரஸரிலோ தண்ணீர்ப் பம்பிலோதான். டைமிங் குறிகளைச் சரிபார்க்க, பிளக்குகளைக் கழற்றி, கிராங்கை ஸ்பேனரால் அதன் இயல்பான திசையில் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது தடுத்தால் வலுவந்தமாகத் திருப்பக் கூடாது.

கழற்றிய பிளக்குகளைத் துடைப்பதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பிளக்கின் முனை மட்டும் நசுங்கி, இடைவெளி மூடிக் கிடந்தால், மரை நீளம் கூடிய தவறான பிளக்கை பிஸ்டன் தட்டியிருக்கிறது, அல்லது காற்றுக் குழாயைத் திறந்து வைத்திருந்த வேளையில் விழுந்த நட்டு ஒன்று உள்ளே குதித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கைபேசியில் இணைக்கும் சிறு கேமராவைப் பிளக் துளை வழியே விட்டால் பிஸ்டனின் தலையில் உள்ள வடுக்கள் தெரிந்துவிடும். காருக்கு அடியில் போவதானால் ஜேக்கை நம்பாமல் ஸ்டாண்டு வைத்துவிட்டு, சம்பைத் தடவிப் பாருங்கள். ஜேக்கைச் சம்பின் நடுவில் கொடுத்துத் தூக்குவது பரவலான பழக்கம்; உள்ளே குழிந்த தகடு கிராங்கைத் தொட்டுத் தட்டும், அல்லது எண்ணெய் உறிஞ்சும் வடிகட்டியின் வாயை அடைக்கும். கேஸ்கெட்டுக்கு அள்ளிப் பூசிய சிலிக்கோன் பிசிறுகளும் அதே வடிகட்டியில்தான் போய்ச் சேரும். செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் தினமும் ஓடும் காராக இருந்தால், எக்ஸாஸ்ட்டின் வெப்பத் தகட்டையும் இன்ஜின் மவுண்ட் போல்ட்டுகளையும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஓசை நீடித்தால், எந்த சிலிண்டரில் என்று கண்டறியலாம். மைவி போன்ற காயில் நேரடியாகப் பிளக்கில் அமரும் கார்களில், இன்ஜினை அணைத்து ஒரு சிலிண்டரின் இன்ஜெக்டர் செருகியைக் கழற்றி, மீண்டும் ஓடவிட்டுக் கேட்க வேண்டும். பிளக் வயர் உள்ள பழைய கார்களில், கழற்றிய வயரை ஒரு பழைய பிளக்கில் மாட்டி, அதன் உடலை இன்ஜின் இரும்போடு தொட வைத்த பிறகே ஓட்ட வேண்டும். ஓடும் இன்ஜினில் கையால் உருவுவது ஆபத்து. ஒரு சிலிண்டரை நிறுத்தும்போது ஓசை தெளிவாக அடங்கினால், பெரும்பாலும் அந்த சிலிண்டரின் ராட் பேரிங்தான் தேய்ந்திருக்கிறது. ஒற்றைத் தட்டு இரட்டைத் தட்டாக மாறினால் பிஸ்டன் பின்னை ஐயப்படலாம். எதை நிறுத்தினாலும் மாறாத ஓசை, கிராங்கைத் தாங்கும் நடு பேரிங்குகளிலிருந்தோ, கியர்பாக்ஸைத் தொட்டிருந்தால் பிளைவீல் போல்ட்டுகளிலிருந்தோ வரக்கூடும். குளிர்ந்த நிலையில் மட்டும் கேட்டு, சூடேறியதும் மறையும் ஓசை பெரும்பாலும் பிஸ்டன் பக்கவாட்டில் ஆடுவது. அதை உடனே பிரிக்கத் தேவையில்லை.

ராட் பேரிங் என்று தெரிந்தால், எண்ணெயை வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்து மினுமினுப்பு மேல் பூச்சு தேய்வதைக் காட்டும். செம்பு நிறம் தெரிந்தால் பூச்சு தீர்ந்து அடித்தளம் வந்துவிட்டது. பில்டரை வெட்டி, உள்ளே மடிந்திருக்கும் காகிதத்தை விரித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். இந்நிலையில் பக்கத்து நகரான ஈப்போவுக்கே போனாலும் ஓட்டிச் செல்லாமல் இழுவை லாரியில்தான் அனுப்ப வேண்டும். உடைந்த ராட் இன்ஜின் பிளாக்கையே துளைத்துவிடும், அப்போது பேரிங் விலையில் முடிய வேண்டிய வேலை இன்ஜின் விலைக்குப் போய்விடும். போமனிடம் (பட்டறை மெக்கானிக்கிடம்) எதைக் கழற்றினீர்கள், எதைப் புதிதாக மாட்டினீர்கள், எந்த எண்ணெய் ஊற்றினீர்கள் என்பதை ஒளிக்காமல் வரிசையாகச் சொல்லி, வெட்டிய பில்டரையும் கழற்றிய பிளக்குகளையும் சிலிண்டர் எண் எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள்.