ரிவெர்ப் கருவியும் குழாய்க்குள் ஒலித்த குரலும்

வீட்டு ஒலிப்பதிவுக்காகப் குரலுக்கு அறையின் எதிரொலியைச் சேர்க்கும் பழைய ரேக் வகை ரிவெர்ப் கருவி ஒன்றைக் குறைந்த விலையில் வாங்கி, கணினிக்குள் ஒலியைக் கொண்டுபோய் வெளியே தரும் ஆடியோ இன்டர்ஃபேஸின் 3, 4ஆம் வெளியீடுகளில் இணைத்தேன். எதிரொலி இனிமையாகவே இருந்தது. ஆனால் அந்த எதிரொலியின் அளவைக் கூட்டும் ஃபேடரை உயர்த்த உயர்த்த, குரல் அடர்த்தி இழந்து குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஒலித்தது.

கேபிள்களை மாற்றியும் பயனில்லை. ஃபேஸைத் திருப்பியதில், அதாவது ஒலி அலையைத் தலைகீழாக்கியதில், கோளாறின் சாயல் மாறியதே தவிர, கோளாறு நீங்கவில்லை. வேறு கருவிக்கு விலை விசாரிக்கத் தொடங்கிய வேளையில், தற்செயலாக, கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையான பஃபர் அளவை 64இலிருந்து 128ஆக மாற்றினேன். அந்தக் குழாய் ஒலியின் தன்மையே மாறிவிட்டது. பஃபர் மாற்றுவது கணினி வழியாக ஒலி சென்று திரும்பும் தாமதத்தைத்தான்; கருவிக்கும் பஃபருக்கும் தொடர்பில்லை என்பதால், ரிவெர்புடன் மூலக் குரலும் தாமதமாகத் திரும்பி வந்து, முதல் குரலுடன் மோதுகிறது என்று புரிந்தது. தாமதம் 5 மில்லிசெகண்ட் என்றால், இரண்டும் ஒன்றையொன்று அழித்து, 100, 300, 500 ஹெர்ட்ஸ் என வரிசையாகப் பள்ளங்கள் விழும்.

கருவியின் மிக்ஸ் அளவை 100 சதவீத வெட் ஆக்கி, மூலக் குரல் இன்றி ரிவெர்ப் மட்டும் வரச் செய்ததும் குரல் தெளிந்தது. ஆயினும் கருவியில் சேமித்துள்ள ஒலி அமைப்புகளில் அடுத்த புரோகிராமுக்குப் போனதும் கோளாறு திரும்பியது. ஒவ்வொரு புரோகிராமும் தனக்கென ஒரு மிக்ஸ் அளவைச் சேமித்து வைத்திருந்தது. சிஸ்டம் மெனுவில் அனைத்துக்கும் பொதுவாக மிக்ஸைப் பூட்டும் வசதி இருந்ததால், அதை இயக்கினேன். மலிவு விலைக் கருவி தேடுவோர், எத்தனை ஒலிகள் உள்ளன என்பதற்கு முன் இந்த வசதியைப் பார்ப்பது நல்லது. இன்டர்ஃபேஸின் தாமதம் தானாகவே சேர்வதால், எதிரொலி தொடங்குமுன் விடும் இடைவெளியான ப்ரீ-டிலேயிலும் அந்தத் தாமத அளவைக் குறைத்து வைத்திருக்கிறேன்.