வெயிலிலிருந்து தோலைக் காப்பாற்றுவது எப்படி? நம் ஊர் வெயிலுக்கு, நம் நிறத்துக்கு

"நாமெல்லாம் கறுப்பு, நமக்கு எங்கே தோல் புற்றுநோய் வரப்போகுது" என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மைதான். தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் நமக்கு அதிகம் என்பதால் வெள்ளைக்காரர்களைவிட நமக்கு ஆபத்து மிகவும் குறைவு. ஆனால் முகத்தில் கறுந்திட்டாகப் படரும் மங்கும், சுருக்கமும் நிறம் பார்த்து வருவதில்லை. புற்றுநோயும் அறவே வராது என்றில்லை. வந்தால் யாரும் சந்தேகப்படுவதில்லை என்பதால் முற்றிய பிறகே டாக்டரிடம் போகிறோம்.

சன்ஸ்கிரீன் க்ரீம் அப்புறம்தான் வரும். காசு செலவில்லாததிலிருந்து ஆரம்பிக்கலாம்.

படி 1: நிழலைப் பாருங்கள்

வெயிலில் நின்றால் உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கிறதா? அப்போது புற ஊதாக் கதிர் பலமாக இருக்கிறது என்று அர்த்தம். செல்போன் வானிலை ஆப்பில் 'யு.வி. இண்டெக்ஸ்' என்று ஒரு எண் இருக்கும், அது 3 வந்தாலே பாதுகாப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சென்னையில் கோடை மதியத்தில் 11ஐத் தாண்டுவது சாதாரணம். காலை 10 முதல் மாலை 4 வரை உள்ள வெளிவேலையில் தள்ளிப்போட முடிந்ததைத் தள்ளிப்போடுங்கள்.

சூட்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் 10 சதவீதம் போலக் கூடும். கொடைக்கானலில் ஜில்லென்று இருக்கிறதே என்று நாள் முழுக்கப் படகுத்துறையில் சுற்றினால், திரும்பும்போது மூக்கு கறுத்திருக்கும்.

படி 2: துணி

சட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊடே வெளிச்சம் தெரிந்தால் கதிரும் வரும், நனைந்தால் இன்னும் அதிகம். நெருக்கமாக நெய்த அடர்நிற முழுக்கைச் சட்டை நல்லது, குடையும் கறுப்பாக இருந்தால் நல்லது. கிரிக்கெட் தொப்பி காதையும் பின்கழுத்தையும் மறைக்காது, அதற்கு ஒரு துண்டோ துப்பட்டாவோ போதும். வண்டி ஓட்டுபவர்கள் முகத்தை மூடிக்கொண்டு புறங்கையை விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் பட்டை பட்டையாகக் கறுக்கிறது.

படி 3: இப்போது சன்ஸ்கிரீன்

டப்பாவில் எஸ்.பி.எஃப். என்று போட்டிருக்கும் பாதுகாப்பு எண் 30 போதும். அது தோலைச் சுடும் யு.வி.பி. வகைப் புற ஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்கு இரட்டை விலை கொடுக்க வேண்டாம். ஆனால் 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்றோ பி.ஏ.+++ என்றோ போட்டிருக்கிறதா பாருங்கள், மங்கைக் கூட்டும் யு.வி.ஏ. என்ற இன்னொரு வகைக் கதிருக்கு அதுதான் காவல், அந்தக் கதிர் ஜன்னல் கண்ணாடி வழியாகவும் வரும். வெள்ளை பூசியது போலத் தெரிகிறது என்பவர்களும் மங்கு உள்ளவர்களும் அயர்ன் ஆக்ஸைடு கலந்த, தோல் நிறத்தில் வரும் வகையை வாங்கலாம்.

அளவில்தான் எல்லோரும் கஞ்சத்தனம் செய்கிறோம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனி வரை ஒவ்வொரு கோடு பிதுக்குங்கள், முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். ஒரு பட்டாணி அளவு தடவினால் டப்பாவில் போட்ட 30 உங்கள் முகத்தில் இருக்காது. கிளம்புவதற்குக் கால்மணி நேரம் முன்னால் போட்டு, வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்த்து வழிந்தால் அதற்கு முன்னாலேயே மறுபடி போடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வேண்டாம், நிழலும் துணியும் போதும்.

இதனால் புற்றுநோய் குறையுமா? ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் நாம்பூரில் 1992ல் தொடங்கிய சோதனையில், தினமும் போட்டவர்களுக்கு ஸ்குவாமஸ் செல் என்ற வகைத் தோல் புற்றுக்கட்டிகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. அவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலர்கள், அதனால் அந்தக் கணக்கை அப்படியே நமக்குப் போடக் கூடாது. நம்மில் பலருக்கு நேரடிப் பலன் மங்கு கட்டுப்படுவதுதான்.

படி 4: இதெல்லாம் வேண்டாம்

எலுமிச்சைச் சாறு தேய்த்துவிட்டு வெயிலில் போகாதீர்கள். சாறும் கதிரும் சேர்ந்து தோலைப் பொசுக்கிக் கொப்புளமாக்கும், கறுப்பு மறைய மாதக்கணக்காகும். தேங்காய் எண்ணெயை சன்ஸ்கிரீனாக நம்ப முடியாது. பருவுக்கு டாக்ஸிசைக்ளின் மருந்து சாப்பிடுபவர்களுக்கு வெயில் சீக்கிரம் சுடும், கூடுதல் கவனம் தேவை.

படி 5: மாதம் ஒருமுறை உள்ளங்காலைப் பாருங்கள்

நம் நிறத்தவர்களுக்கு மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோய் அதிகம் வருவது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. வெயிலே படாத இடம், சன்ஸ்கிரீனுக்கு இங்கே வேலையில்லை, கண்தான் வேண்டும். ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்தடியில் வந்தது இதுதான். 1977ல் தெரிந்தது, 1981ல் 36 வயதில் இறந்தார்.

நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு வந்து அகலமாகிறதா? மச்சத்தின் ஒரு பாதி மறுபாதி போல இல்லையா, ஓரம் பிசிறடிக்கிறதா, பல நிறம் கலந்திருக்கிறதா, 6 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டதா, மாறிக்கொண்டே வருகிறதா? ஒரு மாதமாகியும் ஆறாத புண்ணோ, பழைய தீக்காயத் தழும்பில் புதிதாகப் புண்ணோ இருக்கிறதா? ஒன்று இருந்தாலும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், தேவைப்பட்டால் துளி சதை எடுத்துப் பரிசோதிப்பார். அதற்கு முன்னால் சுண்ணாம்பு வைத்தோ பார்லரில் சுட்டோ மச்சத்தை எடுத்துவிடாதீர்கள், அப்புறம் பரிசோதிக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.