இலையுதிர் காலத்தையும் வீட்டாரையும் படமெடுக்க நேரம் ஒதுக்குவது எப்படி?

பிறர் வீட்டு விசேஷங்களைப் படமெடுத்துப் பிழைப்பவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் என் மகளின் படமொன்று தேவைப்பட்டுத் தேடியபோது, அந்த இலையுதிர் காலம் முழுவதிலும் அவளை ஒருமுறைகூட ஒழுங்காகப் படமெடுக்கவில்லை என்பது தெரியவந்தது. நேரமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உட்கார்ந்து யோசித்தபோதுதான், முழுதாக அரை நாள் கிடைத்தால் மட்டுமே கேமராவைத் தொடுவது என்று நான் வகுத்துக்கொண்ட நிபந்தனையே தடையாக இருந்தது புரிந்தது. அந்த அரை நாள் யாருக்கும் கிடைக்காது. தினமும் எப்படியும் நடக்கும் ஏதாவதொரு காரியத்தோடு பதினைந்து நிமிடத்தைச் சேர்த்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

முதலில் பருவத்தின் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் மரம் நமக்காகக் காத்திருப்பதில்லை. பகல் பொழுது குறைந்து குளிர் ஏறும்போது இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது. அதுவரை அதன் அடியில் மறைந்திருந்த கரோட்டினாய்டுகள் என்னும் நிறமிகள் மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் வெளியே தெரிகின்றன. சிவப்பின் கதை வேறு. அதைத் தரும் ஆந்தோசயனின் என்னும் நிறமி பெரும்பாலும் அந்தப் பருவத்தில்தான் இலைக்குள் புதிதாக உருவாகிறது. வெயிலடிக்கும் பகலும் உறைபனி விழாத குளிர்ந்த இரவும் தொடர்ந்து அமைந்தால் அந்தச் சிவப்பு நன்றாகக் கூடும். இப்படி நிறமேறிய மரத்தை ஒரே இரவுக் காற்று மொட்டையாக்கிவிடக்கூடும். எனவே தொலைவிலுள்ள காடுகளுக்குத் திட்டம் போடுவதைவிட, வீட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவில் ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு, அது நிறம் மாறத் தொடங்கிய நாளையும் உதிர்ந்து முடிந்த நாளையும் நாட்காட்டியில் குறித்துவைப்பது நல்லது. நாள் ஆண்டுக்கு ஆண்டு சற்று முன்பின் ஆகும் என்றாலும், அடுத்த ஆண்டு எந்த இரண்டு வாரங்களை விட்டுவிடக் கூடாது என்பதை அந்தக் குறிப்பு சொல்லிவிடும்.

வெளிச்சமும் இந்தப் பருவத்தில் நம் பக்கம் இருக்கிறது. வட அரைக்கோளத்தில் செப்டம்பர் 22 அல்லது 23 வாக்கிலும், தென் அரைக்கோளத்தில் மார்ச் 20 வாக்கிலும் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகின்றன. அந்தச் சமயத்தில் 45 பாகை அட்சரேகையை ஒட்டிய இடங்களில் பகல் நாளொன்றுக்குச் சுமார் 3 நிமிடம் வீதம், அதாவது மூன்று வாரத்தில் ஒரு மணி நேரம், சுருங்குகிறது. கோடையில் குழந்தைகள் தூங்கும் வேளையில் வந்துபோகும் அந்தச் சாய்ந்த பொன்னிற வெளிச்சம், இப்போது அவர்கள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்துக்கோ மாலை நடைக்கோ பொருந்தி வருகிறது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவைக்கும் நாடுகளில் வசிப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: அந்த நாளுக்குப் பிறகு மாலை வெளிச்சம் ஒரேயடியாகக் கைநழுவிப் போய்விடும், ஆனால் காலை வெளிச்சம் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிடைக்கும். படமெடுக்கும் வேளையையும் அப்போது காலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

பதினைந்து நிமிடத்தில் ஐந்து நிமிடம் பையைத் திறப்பதிலேயே போய்விட்டால் பயனில்லை. ஆகவே கேமரா அலமாரிக்குள் போகாமல், சார்ஜ் ஏறிய பேட்டரியோடும் காலியான மெமரி கார்டோடும் வாசற்கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். லென்ஸ் ஒன்று போதும். 35 அல்லது 50 மிமீ எதுவானாலும் சரி. லென்ஸின் திறப்பான அபெர்ச்சரை எஃப் 2.8 அளவில் வைத்து, ஒளிக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவைத் தானியங்கியாக விட்டு, ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே இறங்காதபடி முன்கூட்டியே அமைத்துவிட்டால் நடக்கும் குழந்தைக்கு அது போதுமானது. ஓடும் குழந்தைக்கு 1/500 வேண்டும். வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியாக விட்டால், பருவத்தின் இளஞ்சூட்டு நிறத்தைக் கேமரா பிழையென்று எண்ணித் தணித்துவிடுவதுண்டு. பகல் வெளிச்சத்துக்கோ மேகமூட்டத்துக்கோ உரிய அமைப்பில் நிறுத்திவைப்பது மேல். கைப்பேசிதான் இருக்கிறது என்றால் அதுவும் போதும்.

எதை எடுப்பது என்று தேடி அலைய வேண்டியதில்லை. உதிர்ந்த இலைகளைக் கூட்டிக் குவிப்பது, கம்பளி உடைகளை வெளியே எடுத்து உதறுவது, வாசலில் கழற்றிப்போட்ட ஈரச் செருப்புகள், சீக்கிரமே இருட்டிவிடுவதால் விளக்கொளியில் நடக்கும் வீட்டுப்பாடம் என எல்லாமே இந்தப் பருவத்துக்குரிய படங்கள். ஒருநாள் மாலை நடையில் என் மகள் குந்தி உட்கார்ந்து, புழு அரித்த ஓர் இலையை எடுத்துக் காம்பைப் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கினாள். நரம்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் துலங்க, ஓட்டை வழியே வந்த வெளிச்சம் அவள் கன்னத்தில் ஒரு பொட்டுப்போல விழுந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லியிருந்தால் அந்தப் பொட்டு நகர்ந்திருக்கும். இலையை ஒளி ஊடுருவும் இத்தகைய எதிர்வெளிச்சத்தில் முகம் கறுத்துவிடும் என்பதால், எக்ஸ்போஷரை ஒரு படி, அதாவது வெளிச்சம் இரு மடங்காகும்படி, கூட்டிக்கொள்வது அவசியம்.

மேகமூட்டமான நாளை வீண் என்று ஒதுக்க வேண்டாம். கடும் நிழல்கள் இல்லாததால் முகங்கள் மென்மையாக வரும். மழையில் நனைந்த இலைகளின் மேல் லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் ஃபில்டரைத் திருப்பிப் பளபளப்பைக் குறைத்தால், அடியிலுள்ள நிறம் ஆழமாகத் தெரியும். அந்த ஃபில்டர் ஒன்று முதல் இரண்டு படி வெளிச்சத்தை விழுங்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து நிமிடம் ஆனதும் கேமராவை மூடிவிட வேண்டும் என்பதில் நான் கண்டிப்பானவன். தொடர்ந்து எடுத்தால் வீட்டார் சலித்துப்போய், அடுத்த முறை கேமராவைக் கண்டதுமே உள்ளே போய்விடுவார்கள்.

உண்மையில் நேரத்தைத் தின்பது படமெடுப்பதல்ல, அதற்குப் பிந்தைய வேலை. அன்றிரவே பத்து நிமிடம் உட்கார்ந்து, நல்லவை ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடுவது என் வழக்கம்; முந்நூறு படங்கள் சேர்ந்தபின் அந்தப் பக்கமே போகத் தோன்றாது. திருத்தும்போது நிற அடர்த்தியை ஏற்றுவதில் கை அடக்கம் வேண்டும். மஞ்சள் இலைகளுக்கு நடுவே நிற்பவர் முகத்தில் ஏற்கெனவே அந்த மஞ்சள் பிரதிபலித்திருக்கும். அதற்கு மேலும் ஏற்றினால், ஆள் மஞ்சள் காமாலைக்காரர் போலாகிவிடுவார். தேர்ந்த படங்களுக்கு மூன்று பிரதிகள் இருக்கட்டும். அவற்றை இரு வகைச் சாதனங்களில் வைத்து, ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஆல்பத்தைப் புரட்டினால் ஒருவர் மட்டும் காணாமல் போயிருப்பார், அவர்தான் படமெடுத்தவர். டைமரை 10 நொடிக்கு வைத்து ஓடிப்போய் நிற்பது ஒரு வழி. கேமராவின் வாரைக் குழந்தையின் கழுத்தில் மாட்டி, எல்லாவற்றையும் தானியங்கியில் விட்டுக் கொடுத்துவிடுவதையே நான் விரும்புகிறேன். பாதிப் படங்களில் என் தலை இருக்காது, ஆனால் நான் இலை கூட்டிக்கொண்டிருப்பது தெரியும். அவற்றையும் அதே கோப்புறையில்தான் வைக்கிறேன்.