பரணில் கிடக்கும் பழைய துப்பாக்கி: வீட்டில் பராமரிக்கும் முறை

மதுரை வட்டாரத்துப் பழைய வீடுகளில் துப்பாக்கி வெளியே வருவது வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூசைக்கு. சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, மறுநாள் அப்படியே உறைக்குள் போய்விடும். பின்னாலேயே வடகிழக்குப் பருவமழை. அடுத்த வருடம் எடுத்தால் பொட்டு வைத்த இடத்தில் பொட்டின் வடிவத்திலேயே துரு உட்கார்ந்திருக்கும். பொட்டைத் துப்பாக்கிக்கு வைக்காமல் அதைக் கிடத்தும் பலகைக்கு வையுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

ஆனால் பழைய துப்பாக்கிகளைத் துருவைவிட அதிகமாக அழித்திருப்பது புளியும் எமரித் தாளும்தான். குத்துவிளக்கைப் போலப் பளபளப்பாக்க நினைத்துத் தேய்த்தால், குழலின் பழுப்பு மேற்பூச்சு, தொழிற்சாலை முத்திரை, குழலின் வலுவைச் சோதித்துக் குத்திய சோதனை முத்திரை எல்லாம் ஒரே மதியத்தில் போய்விடும். புளி, எலுமிச்சை, வினிகர் மூன்றுமே அமிலம். எஃகை அரித்துச் சாம்பல் நிறமாக்கும். துருவை நிறுத்துவதுதான் வேலை, புதிதாக்குவது அல்ல.

முதலில் காகிதம்

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, சுடக்கூடிய துப்பாக்கி எவ்வளவு பழசானாலும் உரிமம் வேண்டும். 45-ஆம் பிரிவு விலக்குத் தருவது, பழுது பார்த்தாலும்கூடச் சுட முடியாத பழங்காலத் துப்பாக்கிக்கு மட்டும். "துருப்பிடித்துத்தானே கிடக்கிறது" என்று நீங்களாகவே முடிவுகட்ட முடியாது. தாத்தா பெயரில் இருந்த உரிமம் பேரனுக்குத் தானாக வராது. விண்ணப்பித்துக் கிடைக்கும்வரை துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கி வையுங்கள். பழுதுபார்க்கும் தொழிலுக்கு 5-ஆம் பிரிவு தனி உரிமம் கேட்கிறது. ஆகவே துடைப்பது, எண்ணெய் இடுவது, கட்டையை, அதாவது துப்பாக்கியின் மரப்பகுதியை, கவனிப்பது உங்கள் வேலை. சுடும் உறுப்புகளைப் பிரிப்பதும் பழுதுபார்ப்பதும் உரிமம் உள்ள துப்பாக்கிக் கம்மியர் வேலை.

உள்ளே வெடிமருந்து இருக்கிறதா?

குழலின் வாய்வழியாக வெடிமருந்தைக் கெட்டிக்கும் துப்பாக்கிகளில் தாத்தா காலத்தில் கெட்டித்த மருந்து அப்படியே இருப்பது அபூர்வமல்ல. கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருடம் கழித்தும் வெடிக்கும்.

8 மி.மீ. தடிமனுள்ள மரக்குச்சி ஒன்றை எடுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். குழலின் வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாமல், குச்சியை மெதுவாக அடிவரை விட்டு, வாய் விளிம்பில் பென்சிலால் குறியுங்கள். வெளியே எடுத்து, அதே குறியை வாயோடு ஒட்டிக் குழலின் மேல் கிடத்திப் பாருங்கள். குச்சியின் நுனி நிப்பிள், அதாவது பொறி தரும் கேப்பை மாட்டும் சிறு முளை, இருக்கும் இடம்வரை வர வேண்டும். இரண்டு மூன்று விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது குளவிக் கூடாகவும் இருக்கலாம், மருந்தும் ரவையுமாகவும் இருக்கலாம். குத்திப் பார்க்காதீர்கள், சூடு காட்டாதீர்கள். துப்பாக்கியை அங்கேயே வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லி, கம்மியரை வரவழைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

பின்பக்கம் திறக்கும் துப்பாக்கி என்றால் திறந்து, கண்ணாலும் விரலாலும் தோட்டா நிற்கும் அறையைப் பாருங்கள்.

துரு

செம்மஞ்சளாகப் பொடிப்பொடியாக உதிர்வது உயிருள்ள துரு. அது இன்னும் இரும்பைத் தின்றுகொண்டிருக்கிறது. கருத்து, வழுவழுப்பாக, நகத்தால் சுரண்டினாலும் வராதது பழைய படலம். அது இரும்புக்குப் போர்வை மாதிரி. அதை விட்டுவிட வேண்டும்.

மண்ணெண்ணெய் 20 மில்லி, தையல் மெஷின் எண்ணெய் 20 மில்லி கலந்துகொள்ளுங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் பெயிண்ட் கடை டர்பன்டைன் போதும். உயிருள்ள துரு மேல் மட்டும் தூரிகையால் தடவி ஓர் இரவு விடுங்கள். கட்டையில் வழிய விடக்கூடாது. முடிந்தால் குழலைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். மறுநாள் மிக மெல்லிய ஸ்டீல் உல், நாலு சைபர் என்று கேட்டு வாங்கியது, அதே கலவையில் நனைத்து, அழுத்தாமல் தேயுங்கள். முத்திரை உள்ள இடத்தில் ஸ்டீல் உல்கூட வேண்டாம், பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். தடித்த துருக்கட்டி இருந்தால் பித்தளைத் தகட்டின் விளிம்பால் சுரண்டலாம். பித்தளை எஃகைவிட மெத்து என்பதால் கீறாது. துணியில் செங்கல் நிறம் வருவது நின்றதும் நீங்களும் நிறுத்துங்கள். மண்ணெண்ணெய் பறந்துபோனபின் எந்தக் காப்பும் தராது. அதை உலர்ந்த துணியால் முழுக்கத் துடைத்துவிட்டு மெஷின் எண்ணெயை மட்டும் மிக மெல்லிசாகத் தடவுங்கள்.

தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் நாள்பட்டுச் சிக்கடித்து அமிலமாகும். நல்லெண்ணெய் பிசினாக இறுகிப் பூட்டின், அதாவது சுடும் இயந்திரத்தின், உறுப்புகளை ஒட்டிவிடும். குதிரை, அதாவது விசையை இழுத்தால் விழுந்து அடிக்கும் சுத்தி, அசையவில்லை என்று கொண்டுவரும் பல துப்பாக்கிகளில் துருவே இருக்காது, இந்தப் பிசின்தான் இருக்கும்.

இரட்டைக்குழல் துப்பாக்கியின் குழலில் நீர்ச்சுழி போல வரிவரியாகத் தெரிந்தால் அது முறுக்கி அடித்த டமாஸ்கஸ் குழல். அழுக்கல்ல, தேய்த்துவிடாதீர்கள். அத்தகைய குழலில் இன்றைய புகையற்ற மருந்துத் தோட்டாவைப் போட்டால் வெடித்துக் கையோடு போகலாம்.

குழலின் உட்புறம்

கருமருந்தின் கசடு பெரும்பாலும் உப்பு. ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். கசடின் மேல் எண்ணெய் விட்டால் துரு எண்ணெய்க்கு அடியில் நிம்மதியாக வளரும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் மூன்று சொட்டு. மல் துணியை 4 செ.மீ. சதுரமாக வெட்டி, நனைத்து, மரக்கோல் நுனியில் சுற்றி உள்ளே ஓட்டுங்கள். கருப்பு வருவது நின்றபின் வெறும் நீர், அப்புறம் உலர்ந்த துணி, துணி உலர்ந்தே திரும்பும்வரை. கொதிநீர் ஊற்றினால் ஈரம் பறக்கும்போதே மெல்லிய செந்துரு படரும். கோல் வாய் விளிம்பில் உரசக்கூடாது. அந்த விளிம்பு தேய்ந்தால் குறி தவறும். எண்ணெய்த் துணி ஒருமுறை ஓட்டிவிட்டு, செய்தித்தாள் மேல் ஓர் இரவு வாய் கீழாக நிறுத்துங்கள். வாய் மேலாக நிறுத்தினால் மிச்ச எண்ணெய் கட்டையில் இறங்கி மரத்தை ஊறவைத்து மெத்தாக்கிவிடும்.

கசடில்லாத, பல்லாண்டுகளாகச் சுடாத குழலுக்குத் தண்ணீரே வேண்டாம்.

திருகும் பூட்டும்

பழைய திருகின் தலைப்பள்ளம் ஒடுக்கமானது. கடைத் திருப்புளியின் நுனி ஆப்பு போல இருப்பதால் பள்ளத்தின் மேல்விளிம்பை மட்டும் பிடித்து நழுவும். நழுவிய ஒவ்வொரு தடவையும் பூட்டுத் தகட்டில் ஒரு கீறல். நுனியை அரத்தால் பள்ளத்தின் அகலத்துக்கும் ஆழத்துக்கும் சரியாக ராவிக்கொள்ளுங்கள். இறுகிய திருகுக்குத் துருத்தளர்த்தி எண்ணெய் விட்டு இரண்டு நாள் பொறுங்கள். அப்படியும் அசையாவிட்டால் சூடான சால்டரிங் அயர்னைத் திருகின் தலையில் ஒரு நிமிடம் வைத்து எடுத்து, முதலில் இறுக்கும் பக்கம் லேசாகத் திருப்பி, பிறகு தளர்த்துங்கள்.

1853 மாதிரி என்ஃபீல்டு போன்ற கேப் துப்பாக்கியில் பூட்டைக் கழற்றக் குதிரையைப் பாதி இழுத்த நிலையில் வைத்து, பக்கத் திருகு இரண்டையும் மூன்று சுற்று தளர்த்தி, அவற்றின் தலையில் மரப்பிடியால் மாறிமாறித் தட்டுங்கள். பூட்டு சமமாக எழும்பும். குதிரையைப் பிடித்து இழுத்தால் ஓரத்து மரம் சில்லாகப் பெயரும். கழற்றிய பூட்டைப் பிரிக்க வேண்டாம், பெரிய வில் தெறித்தால் கண் போகும். டர்பன்டைனும் பிரஷும் கொண்டு பிசினைக் கழுவி, உலரவிட்டு, அச்சுகளில் ஊசி முனையால் ஒரு சொட்டு எண்ணெய். பாதி நிலையில் குதிரை நிற்காவிட்டால் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது. அதை அரத்தால் ராவினால் மேலே உள்ள கெட்டிப்படுத்திய மெல்லிய தோல் போய், இன்னும் ஆபத்தாகும், கம்மியரிடம் கொடுங்கள். வெறுங்குதிரையை அடித்து விளையாடினால் நிப்பிளின் தலை நசுங்கும்.

கட்டை

மதுரை வெயிலில் சித்திரை, வைகாசி மாதங்களில் மரம் சுருங்கும், ஐப்பசியில் உப்பும். விரிசல் பெரும்பாலும் பூட்டுக்குப் பின்னால் மணிக்கட்டு போல ஒடுங்கும் இடத்தில் வரும். எண்ணெய் ஊறாத சிறு விரிசலுக்கு வச்சிரப் பசை, அதாவது தோல் காய்ச்சிய தச்சர் பசை, நல்லது. பின்னால் சூட்டாலும் ஈரத்தாலும் பிரித்தெடுக்கலாம். எபாக்சி போட்டால் அதோடு முடிந்தது.

மரம் எலும்பாகக் காய்ந்திருந்தால் மட்டும் லின்சீட் ஆயில் ஐந்தாறு சொட்டு, உள்ளங்கையால் தேய்த்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடையுங்கள். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துப் போடுங்கள். வார்னிஷ் வேண்டவே வேண்டாம்.

வைக்கும் இடம்

தோல் உறையில் வைத்து மூடக்கூடாது. பதனிட்ட தோல் ஈரத்தை உறிஞ்சும், அதன் அமிலம் குழலைத் தின்னும். சலவை செய்த பருத்தித் துணியில் சுற்றி, பூட்டிய இரும்பு அலமாரியில், வெளிச்சுவரைத் தொடாமல் வையுங்கள். கால் கிலோ சிலிக்கா ஜெல் கூடவே இருக்கட்டும். நிறம் மாறியதும் ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தினால் மறுபடி உதவும். வெறுங்கையால் தொட்ட இடமெல்லாம் வியர்வை உப்பு. வைப்பதற்கு முன் எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடையுங்கள்.

தேர்தல் அறிவிப்பு வந்து காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருந்தால், முந்தைய நாளே உலோகப் பகுதி முழுவதும் மெழுகுப் பூச்சு மெல்லிசாகத் தடவுங்கள். அங்கே பல வாரங்கள் யார் கையில் எப்படி இருக்குமோ. எண், முத்திரை, கட்டையில் உள்ள கீறல்கள் எல்லாவற்றையும் படமெடுத்து, ரசீதில் எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள். திரும்பி வந்த அன்றே, உறையைப் பிரித்துத் துடைத்துவிட்டுத்தான் அலமாரியில் வைக்க வேண்டும்.